நீலத்தாளுக்கு நான் போட்ட அரை முத்திரை

எண்பத்து மூன்றாம் வருட மழைக்காலம். செகந்திராபாத்தில் பி.எஸ்ஸி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்பாவுக்காகச் சொல்வது. உண்மையில் நான் அப்போது ஒரு விமர்சகன்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஏரியாத் தமிழ் மன்றம் மாதாமாதம் ஒரு செய்தி மடல் போட்டது. எட்டுப் பக்கம், சைக்ளோஸ்டைல். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு மாற்றல், பொங்கல் விழா நாடகத்தில் யார் ராஜா என்று ஆறு பக்கம் போகும். ஏழாம் பக்கம் என்னுடையது. 'தபாலில் வந்தவை' என்று தலைப்பு, 'தபால்காரன்' என்று புனைபெயர். நாலு பேர் சேர்ந்து நடத்தும் சின்னச் சின்னப் பத்திரிகைகளுக்கெல்லாம் கார்டு போட்டு, ஒரு பிரதி அனுப்புங்கள், விமர்சனம் செய்கிறோம் என்று எழுதியிருந்தேன். வந்து குவிந்தன. தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களுக்கென்றே ஓர் இதழ். சிற்றலை வானொலி கேட்பவர்களுக்கு ஒன்று. தபாலிலேயே செஸ் ஆடுபவர்களுக்கு ஒன்று. பத்துப் பாடங்களில் மேடைக்கூச்சம் போக்கும் அஞ்சல்வழிப் படிப்பு ஒன்று. அதில் முதல் பாடம், கண்ணாடி முன் நின்று நம்மை நாமே அதட்டுவது. செய்து பார்த்தேன். தங்கை பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

மார்க்குக்குப் பதில் தபால் முத்திரை போடுவேன். ஐந்து முத்திரை என்றால் பிரமாதம், ஒன்று என்றால் குப்பை. ஏழாம் பக்கத்தைத்தான் எல்லோரும் முதலில் புரட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாராட்டி எழுதினால் யாரும் கண்டுகொள்வதில்லை. நக்கலாக எழுதினால் பஸ் ஸ்டாப்பில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எதை அதிகம் எழுதியிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த மாதம் மடலுக்கு மெழுகுத்தாளில் கீறி ஸ்டென்சில் வெட்ட வேண்டிய நாளில் ஒன்பது தபால் பாக்கி. மேட்னி ஷோவுக்குக் கிளம்பச் சொல்லி நண்பன் வாசலில் நின்று சைக்கிள் மணியை விடாமல் அடிக்கிறான். ஒவ்வொன்றாகப் பிரித்து, மேய்ந்து, எழுதித் தள்ளினேன். எட்டாவதாகக் கைக்கு வந்தது 'நீலத்தாள்'.

பெயருக்கேற்ற மாதிரி அது ஒரு இன்லண்ட் லெட்டர். அவ்வளவுதான் பத்திரிகையே. ஒரு நீல இன்லண்டுக்குள் பொடிப்பொடியான கையெழுத்தில் ஒரே ஒரு கதை, சைக்ளோஸ்டைல் செய்தது. மடித்து ஒட்டி அப்படியே பெட்டியில் போட்டுவிடலாம். கவர் வேண்டாம், பின் வேண்டாம். மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பெண்மணி நடத்தினார். காஜிப்பேட்டை, டோர்ணக்கல், குண்டக்கல் என்று லைன் முழுக்க இருக்கும் ரயில்வே குடும்பத்துத் தமிழ்ப் பெண்களுக்கு மாதம் ஒன்று போகும்.

அந்த மாதக் கதை ஒரு ரயில்வேக்காரர் மனைவியைப் பற்றியது. எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் குவார்ட்டர்ஸ் பின்னால் ஒரு முருங்கைக் கொம்பை நட்டு வளர்க்கிறாள். காய் காய்க்கும் சமயத்தில் அடுத்த மாற்றல் வந்துவிடுகிறது. நாலாவது ஊரில், இனி எதையும் நடுவதில்லை என்று உட்கார்ந்துவிடுகிறாள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவள் எழுந்து போய்த் திறக்கிறாள்.

கதை அத்தோடு நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தேன், எதுவும் இல்லை. எனக்கு ஒரே குஷி. இப்படி எழுதினேன்: 'கதவைத் தட்டியது யார் என்பது ஆசிரியருக்கே தெரியவில்லை. தெரிந்ததும் நமக்கு ஒரு கார்டு போடட்டும். அரை முத்திரை.' அதுவரை யாருக்கும் நான் அரை போட்டதில்லை. நண்பனிடம் படித்துக் காட்டினேன். அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். படத்துக்குப் போனோம்.

அந்த அரை முத்திரை எங்கள் ஏரியாவில் நன்றாகவே ஓடியது. மன்றத்தில் கேரம் ஆடுபவர்கள்கூட, யாராவது கதவைத் தட்டினால், "யாருன்னு ஆசிரியருக்கே தெரியலப்பா" என்று கத்தினார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த மாத முதல் சனிக்கிழமை, மத்தியானம். மன்றத்து அறையில் உட்கார்ந்து ஸ்டென்சில் வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. முப்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு கட்டை நெஞ்சோடு பிடித்திருந்தார். உள்ளே இருந்தவை புது இன்லண்டுகள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நீலத்தாள் அச்சாவதே எங்கள் மன்றத்து மெஷினில்தான் என்று. மையும் ஸ்டென்சிலும் அவருடையவை. முதல் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மெஷினை மட்டும் கொடுத்துவந்தார்கள்.

எதிர் மேஜையில் இருந்த மன்றச் செயலாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். ஒரு பொதுத்துறைக் கம்பெனியில் அதிகாரி அவர். மன்றத்தையும் ஆபீஸ் மாதிரியே நடத்துவார்.

"இனிமே சனிக்கிழமை மெஷின் கிடைக்காதும்மா. நாடகக் குழுவுக்கு வசனம் காப்பி எடுக்கணும். நாளைக்குக் கமிட்டியில முடிவு பண்ணிடுவோம்."

"வேற கிழமை குடுங்க சார். எனக்கு எந்தக் கிழமைன்னாலும் சரி."

"கிழமை இல்லம்மா விஷயம். தரம்னு ஒண்ணு இருக்கில்ல? நம்ம மடல்லயே அரை முத்திரை வாங்கின பத்திரிகைக்கு நாமளே மெஷின் குடுத்தா நாலு பேர் கேப்பாங்க."

"அதுக்குத்தான் சார் நானும் வந்தேன். கதவத் தட்டுனது யாருன்னு கார்டு போடச் சொல்லியிருந்தாரே உங்க தபால்காரரு. கார்டு எதுக்கு, நேர்லயே சொல்லிட்டுப் போலாம்னு."

பையிலிருந்து பழைய இதழ் ஒன்றை எடுத்தார், ஒட்டியது ஒட்டியபடி. என் மேஜைக்கு வந்து, "தம்பி, அந்த பிளேடக் கொஞ்சம் குடுங்க" என்றார். கொடுத்தேன். மூன்று ஓரத்திலும் நிதானமாகக் கீறி, விரித்து, செயலாளர் முன்னால் வைத்தார். ஒட்டுகிற மடிப்பின் உள்பக்கத்தில், கோந்துக்கு இந்தப் பக்கம், குறுக்குவாட்டில் நாலு வரி இருந்தது. தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

"இடம் பத்தல சார். எல்லாரும் லெட்டர்ல எழுதுற மாதிரி மடிப்புல எழுதினேன். எம்பது பேருக்குப் போச்சு. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாம போவல. உங்க தபால்காரருக்குத்தான் கண்ணு தெரியல போல."

செயலாளர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. "நல்ல விமர்சகர்மா அவர். இருந்தா எழுதியிருக்க மாட்டாரா?" என்றார்.

அந்த நொடியில் நான் பேசியிருக்கலாம். நான்தான் அது என்று ஒரே ஒரு வார்த்தை. குனிந்து ஸ்டென்சிலில் ஒரு எழுத்தை மறுபடி மறுபடி கீறிக்கொண்டிருந்தேன். அந்த இடம் ஓட்டையாகிவிட்டது. அந்த அம்மா கட்டை மறுபடியும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

வீட்டுக்குப் போய் என் பிரதியைத் தேடி எடுத்தேன். மூன்று ஓரமும் நாய் கடித்த மாதிரி இருந்தது. சினிமாவுக்குப் போகிற அவசரத்தில் விரலை விட்டு இழுத்திருந்தேன். மடிப்பு குப்பைக்கே போய்விட்டது. ஓரத்தில் பாதிப் பாதி எழுத்துகள் மட்டும் மிச்சம். இதில் கேவலம் என்னவென்றால், எங்கள் திருச்சி சித்தி எழுதும் கடிதங்களில் முக்கியமான சேதி எல்லாமே அந்த மடிப்பில்தான் இருக்கும். வரன் அமைந்தது, வீடு மாறியது, எல்லாம். எங்கள் வீட்டில் இன்லண்ட் வந்தால் அம்மா யாரையும் தொடவிட மாட்டாள். நான் விமர்சகன் அல்லவா, எனக்கு எதற்கு பிளேடு!

நண்பனிடம் சொன்னேன். அவன் ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன், பேச்சில் உருது கலக்கும். "நக்கோ யார், வேணாம்டா. கைக்கு, எதுக்குடா நீயா போய் மாட்டிக்கற? உன் பேரு யாருக்குத் தெரியும்? ரெண்டு மாசம் போனா மறந்துடுவாங்க" என்றான்.

அவன் சொன்னது சரிதான். மறந்துவிடுவார்கள். அதற்குள் பத்திரிகையும் நின்றுபோயிருக்கும். வேறெங்கே போய் மெஷின் தேடுவார் அவர்?

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து மௌலா அலிக்குப் போனேன். கமிட்டி கூடுவது மாலை ஐந்து மணிக்கு. இதழில் இருந்த விலாசத்தை வைத்துக் குவார்ட்டர்ஸைக் கண்டுபிடித்தேன். வாசலில் விளையாடிய சின்னப் பெண்ணிடம் தமிழில் கேட்டேன். "அம்மா, எவரோ வச்சாரு" என்று, யாரோ வந்திருப்பதாகத் தெலுங்கில் உள்ளே குரல் கொடுத்தது. அவர் வந்தார். என்னைப் பார்த்ததும், "அட, பிளேடு தம்பி!" என்றார்.

"நான்தாங்க தபால்காரன்" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "தபால்காரருன்னா வயசானவரா இருப்பாருன்னு நெனச்சேன். மீசையே இப்பத்தான் வருது போல இருக்கே" என்றார். உள்ளே யாரோ சிரித்தார்கள். அவருடைய கணவர், ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பனியனோடு எட்டிப் பார்த்து, "இவரா அந்த அரை முத்திரை? உக்காரச் சொல்லு, மீதி அரைய வாங்கிக்கலாம்" என்றார்.

அவசரத்தில் கிழித்ததைச் சொன்னேன். சினிமாவைச் சொன்னேன். நேற்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொல்லி, மன்னிச்சிடுங்க என்றேன்.

"எங்கிட்ட சாரி சொல்லி இன்னா ஆவப் போவுது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எனக்கு மெஷின் வேணும். உங்க ஏரியாவுல வாங்கினு இருந்த ஆறு பேரு, கேலி தாங்காம, இனி அனுப்பாதீங்கன்னு எழுதிட்டாங்க. அதுகூடப் போவட்டும். காஜிப்பேட்டையில ஒருத்தி, இந்த மாசம் அவ கதை வருதுன்னு காத்துனு இருக்கா. அவளுக்கு நான் இன்னான்னு எழுதறது?"

ஒட்டின பிரதி இன்னொன்று இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார். கொடுக்கும்போது, "கிழிச்சிடாதீங்க" என்றார்.

மாலை கமிட்டியில் எட்டுப் பேர். மூன்றாவது விஷயமாக மெஷின் வந்தது. செயலாளர் என் விமர்சனத்தையே எடுத்து வாசித்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் எழுந்து, அது தப்பான விமர்சனம் சார் என்றேன்.

"நீ எழுதினதுதானேப்பா?"

"ஆமா சார். முழுசாப் படிக்காம எழுதினேன்."

பிளேடை எடுத்து, அந்த அம்மா செய்த மாதிரியே மூன்று ஓரமும் கீறினேன். நாலு வரியையும் வாசித்தேன். கதவைத் தட்டியவள், பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவள். இதற்குமுன் அவள் இருந்தது, இவள் முன்பு இருந்த அதே ஊர், அதே வீடு. கையில் ஒரு பை. 'உங்க மரத்துக் காயாம். பக்கத்து வீட்டுக்காரங்க உங்ககிட்ட சேர்க்கச் சொன்னாங்க' என்கிறாள். அத்தோடு கதை முடிகிறது.

சிரித்த இரண்டு பேரும் தாளை வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்களில் மாற்றலாகி வராதவர்கள் யாரும் இல்லை. கடைசியில் பொருளாளர்தான் கேட்டார்.

"சரி, மத்த பத்திரிகையெல்லாமாவது முழுசாப் படிச்சியா?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். "அந்த மாசம் நாலுதான் சார் படிச்சேன். மீதி ஒன்பதும் மேலோட்டமா."

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. முடிவு இதுதான்: நாடகக் குழு வெள்ளிக்கிழமைக்குப் போனது, நீலத்தாளுக்குச் சனிக்கிழமை திரும்பக் கிடைத்தது, என் ஏழாம் பக்கம் சமையல் குறிப்புக்குப் போனது. எங்கள் ஏரியாவில் நிறுத்திய ஆறு பேரில் இரண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள். மீதி நாலு பேரிடம் நானே போய்ச் சொல்லிப் பார்த்தேன். "அட, விடுப்பா, அந்தக் கதவு தட்டற பத்திரிகைதானே" என்று சிரித்தார்கள். என் ஜோக் என்னைவிட நன்றாகவே ஊரில் பதிந்திருந்தது. அதை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.

நான் சந்தா கட்டினேன். அடுத்த இதழ் வந்தது, காஜிப்பேட்டைக்காரருடைய கதையோடு. வெளிப்பக்கத்தில், விலாசத்துக்கு மேலே, பொடி எழுத்தில் புதிதாக ஒரு வரி: 'இந்த இதழை பிளேடால் மட்டும் திறக்கவும். விமர்சகர்களும்தான்.'

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு இதழிலும் அந்த வரி இருக்கிறது. இப்போது நான் படிப்பு முடிந்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டுத் தபாலுக்குக் காத்திருக்கும் ஆள். என்ன தபால் வந்தாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், முதலில் பிளேடைத் தேடுகிறேன். கிடைக்கிற வரைக்கும் அந்தத் தபாலைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை.