அலமாரியில் வைத்த பதில்கள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணியை இயந்திரத்தில் போடுமுன் பைகளைத் துழாவிப் பார்ப்பது வழக்கம். ஒருநாள் குழந்தைகள் வார்டிலிருந்து வந்த சின்னச் சட்டையின் பையில் ஒரு பால்பல் இருந்தது. பத்திரமாகக் காகிதத்தில் பொதிந்திருந்தது. துழாவியவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நாலு மாடி ஏறி, அந்தப் பிள்ளையைத் தேடிப்பிடித்துக் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு வேலைக்குத் திரும்பினாள். ஒரு வாரம் கழித்து ஒரு நர்ஸ் சொல்லித்தான், கூடவே வேலை பார்க்கும், துணி உலர்த்தும் டிரையரை ஓட்டும் அக்காவுக்கே அது தெரியவந்தது.

பல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தவளுக்கு அங்கே நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை, மேற்பார்வையாளர் வைத்தது. மற்றவர்கள் நாலு விரிப்பு மடிக்கும் நேரத்தில் அவள் மூன்றுதான் மடிப்பாள். ஆனால் அந்த மூன்றிலும் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது.

நிதானத்துக்கு வார்டில் நர்ஸ்களுக்கு உதவியாளராகப் பயிற்சி எடுக்க ஆசை. அதற்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும். பதினாறு வயதில் பாதியில் நின்ற படிப்பில் சமூக அறிவியல் மட்டும் பாக்கி. அதைப் போனிலேயே படிக்க ஓர் இணையப் பள்ளியில் சேர்ந்திருந்தாள்.

"வகுப்பு எத்தன மணிக்குமா?" என்று அக்கா கேட்டாள்.

"மணியே கிடையாதுக்கா. நாம எப்போ திறக்குறோமோ அப்போதான் வகுப்பு."

"அடி ஆத்தி, உனக்குன்னே கட்டின பள்ளிக்கூடம்!"

ஒரு பாடம் படித்தால் ஒரு சின்னத் தேர்வு. நூற்றுக்கு எண்பது வாங்கினால்தான் அடுத்த பாடத்தின் பூட்டு திறக்கும். தோற்றால் மூன்று முறை வரை எழுதலாம்.

"மூணு தடவையா? என் மாமியார் ஒரு தடவைகூட விட்டதில்லையே!" என்றாள் அக்கா.

மொத்தம் எட்டுப் பகுதி. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு நீண்ட கேள்விக்கு எழுத்தில் பதில். அதை டீச்சர் படித்து மதிப்பெண் போடுவார். எட்டுப் பதிலுக்கும் மதிப்பெண் வந்தால்தான் இறுதித் தேர்வு. கெடு என்று இருந்தது ஒன்றே ஒன்று: சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம். அதற்குள் முடிக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

டிரையர் ஒருமுறை ஓட நாற்பது நிமிடம். மதிய இடைவேளையும் அவ்வளவுதான். அக்கா டிரையரைப் போட்டுவிட்டு வருவாள். இருவரும் பக்கத்துப் பெஞ்சில் உட்காருவார்கள். ஓர் ஓட்டத்துக்கு ஒரு பாடம். நிதானம் உரக்கப் படிப்பாள்: வரி, தேர்தல், நீதிமன்றம், ஆறுகள். ஐந்தாவதோடு நின்ற அக்காவும் பாதியைக் கற்றுக்கொண்டாள்.

"என்ன நிதானம், பாடம் காஞ்சுதா, இன்னும் ஈரமாவே இருக்கா?" என்று மேற்பார்வையாளர் சீண்டிவிட்டுப் போவார்.

கெடுவுக்குப் பதினொரு நாள் இருந்தபோது கடைசிப் பாடமும் முடிந்தது. ஆனால் இறுதித் தேர்வுப் பொத்தான் மங்கலாகவே கிடந்தது, அழுத்தினால் அசையவில்லை.

"எட்டும் எழுதிட்டேன்க்கா. டீச்சர் இன்னும் ஒண்ணுக்கும் மார்க் போடல."

"கேட்டுப் பாத்தியா?"

"அவங்களுக்கு எத்தன பிள்ளைங்களோ. வர்றப்போ வரட்டும்னு…"

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கி எழுத்துக்கூட்டினாள். "எட்டுக்கும் பக்கத்துல 'வரைவு'ன்னு போட்டிருக்கே, அது என்ன?"

நிதானத்தின் முகம் வெளுத்துவிட்டது. எட்டு முறையும் 'சேமி' என்பதைத்தான் அழுத்தியிருக்கிறாள். கீழே இருந்த 'சமர்ப்பி'யைத் தொட்டதே இல்லை. சலவைக்கூடத்தில் மடித்த துணியை யாரும் வார்டுக்குக் கொண்டுபோவதில்லை. அலமாரியில் வைத்தால் போதும், வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். அவளும் பதிலை எழுதி அலமாரியில் வைத்துவிட்டு, மாதக்கணக்காகக் காத்திருந்தாள்.

"அழாத. பதினொரு நாள் இருக்கு. கடவுள் ஆறே நாள்ல உலகத்தையே படைச்சார்னு சொல்றாங்க," என்றாள் அக்கா. "டீச்சருக்கு உள்ளத உள்ளபடி எழுது."

எழுதினாள். எட்டையும் அப்போதே சமர்ப்பித்தாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. ஏழுக்கு மதிப்பெண் போட்டிருந்தார் டீச்சர். 'பொது நிறுவனம் ஒன்று எப்படி இயங்குகிறது?' என்ற எட்டாவது மட்டும் திரும்பி வந்தது. 'பாடத்தில் உள்ளதையே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.'

மறுநாள் டிரையர் ஓடி முடிவதற்குள் எழுதி, அக்காவுக்குப் படித்துக் காட்டினாள். ஒரு படுக்கை விரிப்பு வார்டிலிருந்து இறங்கி மறுபடி ஏறும் வரை எத்தனை கை மாறுகிறது என்று எழுதியிருந்தாள். 'ஈரம் போகாத விரிப்பை டிரையரில் நிற்பவர் சலிக்காமல் திரும்ப உள்ளே போடுகிறார். அதனால்தான் மேலே படுத்திருப்பவரின் முதுகு புண்ணாகாமல் இருக்கிறது' என்றும் ஒரு வரி இருந்தது.

"என்னையா எழுதியிருக்க?"

"பின்ன வேற யாரை எழுதச் சொல்றீங்க?"

அக்கா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். "போய்ச் சேரட்டும் சாமி," என்று சொல்லி, அவள் 'சமர்ப்பி'யை அழுத்துகிற வரை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவதற்கும் மதிப்பெண் வந்து, தேர்வுப் பொத்தான் திறந்தது. தேர்வுக்குக் கேமராவைத் திறந்து வைக்க வேண்டும், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. கெடுவுக்கு முதல் நாள், விரிப்பு அறைச் சாவியை மேற்பார்வையாளரே கொண்டுவந்து நீட்டினார். "இன்னிக்கும் மெதுவாவே எழுது, ஒண்ணும் ஓடிப்போயிடாது," என்றார். அக்கா இரண்டு மணி நேரம் கதவுக்கு வெளியே நின்றாள். வாய் சாமியை வேண்டி முணுமுணுத்தபடியே இருந்தது. நிதானம் தேறிவிட்டாள்.

பயிற்சிக்கு இடம் வேறு ஊரில் கிடைத்தது. பேருந்து நிலையத்துக்கு அக்காவும் வந்தாள். நிதானத்தின் தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்த நாளுக்குப் பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ள வாய்க்கவில்லை. அன்று பேருந்து நகரும்போது நிதானம் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னாள்:

"அக்கா, எனக்காக வேண்டிக்கிட்டா அத மனசுக்குள்ளயே மடிச்சு வச்சிடாதீங்க. ஒரு போன் போட்டுச் சொல்லுங்க!"