வெர்லினின் நான்காவது குதிரை

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துச் சலைனாவில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் வெர்லின் ஸ்டாட்லர். சின்ன வயதில் வியாழன்தோறும் தொலைக்காட்சியில் பார்த்த ‘டிரை வெல்ஸ்’ என்ற கௌபாய் தொடரின் பொம்மைகளைச் சேர்ப்பது அவருக்கு இன்னொரு வேலை மாதிரி. தகர பேட்ஜ், பொட்டுவெடித் துப்பாக்கி, தொடரில் வரும் மார்ஷல் என்ற காவலதிகாரியின் படம் போட்ட டிபன் பெட்டி என்று வீட்டின் கீழறை நிரம்பிக் கிடந்தது.

அறுபத்தொன்பது வயதில் அந்த ஆசையெல்லாம் வடிந்துபோனது. சந்தை சந்தையாக அலைந்து, மண்டியிட்டு அட்டைப்பெட்டிகளைக் கிளறி முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். ஒரே ஒரு குறை மட்டும் விடவில்லை. தொடரில் வரும் சாரட்டு வண்டியின் பொம்மைக்கு நான்கு குதிரைகள். அவரிடம் இருந்தது மூன்று. வெள்ளைக் குதிரை நாற்பது வருடமாக அகப்படவில்லை.

நெப்ராஸ்காவில் லவோன் குபிக் என்ற எண்பத்துநான்கு வயதுப் பெண்மணியிடம் அது இருப்பதாகத் தெரிந்து, நான்கு மணி நேரம் காரோட்டிப் போனார். சமையலறை ஜன்னலில், செடித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது குதிரை. காதில் பல் பதிந்த தடம்.

“என் தம்பி ராய்ஸ் கடிச்சது. வண்டியும் மத்த குதிரைங்களும் அந்தக் காலத்துல வீடு எரிஞ்சப்போ போயிடுச்சு. ராய்ஸும் போன வருஷம் போயிட்டான்,” என்றாள் லவோன். “இந்தப் பிளாஸ்டிக்குக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க தம்பி? வீட்ல உங்களைத் திட்ட ஆளில்லையா?”

“இருக்காம்மா. திட்டித் திட்டி அவளே ஓஞ்சு போயிட்டா.”

அவள் சிரித்துவிட்டாள். விலை பேச விடாமல், காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து குதிரையை வண்டியில் பூட்டினார் வெர்லின். மனசு துள்ளும் என்று எதிர்பார்த்தார். கொட்டாவிதான் வந்தது.

ஒன்பதாம் நாள் லவோன் போனில் கூப்பிட்டாள்.

“கேக்கவே வெக்கமா இருக்கு தம்பி. காலையில காபி போட வந்தா ஜன்னல் வெறிச்சுனு கெடக்கு. குடுத்ததத் திருப்பிக் கேக்கறது அசிங்கந்தான்...”

தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்க வாயெடுத்தவர், “சனிக்கிழமை கொண்டு வர்றேம்மா,” என்றார்.

அவருடைய மனைவி ஆர்டித் நம்பவே இல்லை. “நாப்பது வருஷம் தேடினத ஒம்பது நாள்ல திருப்பிக் குடுக்கறியா? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

“அசதியா இருக்கு, ஆர்டித். வேற ஒண்ணுமில்ல.”

“அப்ப நீ தள்ளி உக்காரு. நான் ஓட்டறேன்.”

லவோன் ‘ஆப்பிள் பை’ என்ற பழப் பணியாரம் சுட்டு வைத்திருந்தாள். குதிரையை ஜன்னலில் நிறுத்திவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டாள். பெண்கள் இருவரும் பேச உட்கார, சோபாவில் சற்றே சாய்ந்த வெர்லின் இரண்டு மணி நேரம் குறட்டை விட்டார்.

திரும்பும் வழியில், “எல்லாத்தையும் வித்துடலாம்,” என்றார்.

ஆர்டித் காரை ஓரம் கட்டி நிறுத்தினாள். “நெசமாத்தான் சொல்றியா?”

“ம்.”

அக்டோபரில் கீழறை காலியானது. சாரட்டு வண்டி மூன்று குதிரைகளோடு ஒஹாயோவுக்குப் போனது. நான்காவது எங்கே என்று வாங்கியவர் கேட்டு எழுதியபோது, தெரியாது என்று வெர்லின் பதில் போட்டார். இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் பத்து மணி வரை தூங்குகிறார். ஆர்டித் எழுப்புவதில்லை.