கழிவுப் பஞ்சில் செய்த மணிகள்

என் ஆராய்ச்சிக்கு வேண்டிய பஞ்சை அண்ணன்தான் கொண்டுவந்து கொடுப்பான். செங்கம் சாலைப் பக்கம் ஒரு நூற்பாலையில், கழிவுப் பஞ்சு அறையில் அவனுக்கு வேலை. நூலாகாத குட்டை இழையும் தூசும் அங்கே குவிந்து கிடக்கும். மேற்பார்வையாளரிடம் கேட்டு ஒரு சாக்கில் அடைத்து, ஷேர் ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்து கல்லூரி வாசலில் இறங்குவான்.

"இதுல இன்னா மாத்திரை செய்யப்போற நீ? தலகாணி வேணா செய்யலாம்" என்பான்.

பஞ்சைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, தண்ணீரில் கரையும் பசையாக மாற்றுவேன். அதில் மருந்தைக் கலந்து, ஊசி வழியாக உப்புக் கரைசலில் சொட்டவிட்டால், ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசி போல உறைந்து மணியாகிவிடும். இந்த மணிக்குள் இருக்கும் மருந்து ஒரேயடியாக வெளியே வராது. மணி ஊற ஊறக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அந்தக் கசிவைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு நீட்டுவதுதான் என் முனைவர் பட்ட வேலை.

அண்ணனுக்கு வலிப்பு நோய் இருந்தது. மில்லில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று பயந்தான். மூன்று வேளை மாத்திரையில் பகல் வேளையை யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று போடாமலே, சட்டைப்பையில் திரும்பக் கொண்டுவந்துவிடுவான். காலையும் இரவும் மட்டும் போட்டால் போதும் என்று, மெதுவாகக் கரையும் வகை ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்துப் பார்த்தார். அது ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போய்ப் பழையதற்கே வந்தான்.

"உன்னோடது எப்ப வரும்?" என்று ஒருநாள் கேட்டான்.

"வருஷக்கணக்காகும்ணா. நான் வலி மருந்தை வெச்சுத்தான் டெஸ்ட் பண்றேன். உன் மருந்தே இல்ல அது."

"பரவால்ல. வந்தா சொல்லு."

"அதுவரைக்கும் மத்தியானத்து மாத்திரையப் போடுண்ணா."

"போடறேன், போடறேன்."

போடவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பல மாதங்கள் மணிகள் இரண்டே மணி நேரத்தில் வெடித்து மருந்தைக் கொட்டிவிட்டன. உப்பை மாற்றினேன், பசையைக் கெட்டியாக்கினேன். கடைசியில் ஒரு தொகுதி உறுதியாக வந்தது. அதற்கான சோதனையை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். உடல் சூட்டில் இருக்கும் நீரில் மணிகள் சுழலும். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து மில்லி மாதிரி எடுத்து, புது நீர் ஐந்து மில்லி ஊற்ற வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் முழுச் சோதனையும் வீண் என்பது அப்போதைய என் எண்ணம்.

அன்று அண்ணனுக்கு வார விடுமுறை. பதினொன்று பதினெட்டுக்கு அண்ணி வேங்கிக்கால் வீட்டிலிருந்து கூப்பிட்டார்.

"உங்கண்ணன் பாத்ரூம்ல வுழுந்துட்டாரும்மா. கதவ ஒடச்சித் தூக்கியாந்து படுக்கவெச்சிருக்காங்க. எழுந்திரிக்கல."

"டாக்டர் அண்ணி?"

"பக்கத்து வீட்டுக்காரரு கூப்பிடப் போயிருக்காரு. நீ வா."

"வரேன்" என்றேன்.

ஆனால் உட்கார்ந்தேன். அடுத்த மாதிரி பதினொன்றரைக்கு. பன்னிரண்டு நிமிடங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் சொல்ல வரவில்லை. எதுவும் நினைக்கவில்லை என்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதினொன்றரைக்கு ஐந்து மில்லி எடுத்தேன், ஐந்து மில்லி ஊற்றினேன், குப்பியில் லேபிள் ஒட்டினேன். என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

நான் போவதற்குள், பதினொன்றே முக்காலுக்கே டாக்டர் வந்து பார்த்துவிட்டிருந்தார். உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றாராம். அப்படியானால் அண்ணி கூப்பிடுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்தக் கணக்கைப் போட்டபோதும் எனக்கு ஆறுதலாகவோ வேறு மாதிரியாகவோ எதுவும் தோன்றவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன்.

காரியம் முடிந்து கல்லூரிக்குப் போனேன். மிச்ச மாதிரிகளையெல்லாம் அன்று மாலை ஏழு மணி வரை பேராசிரியரே எடுத்து வைத்திருந்தார்.

"கர்வ் நல்லா வந்திருக்கும்மா" என்றவர், சொன்ன உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மணிகள் பன்னிரண்டு மணி நேரமும் தாங்கியிருந்தன. அந்த வரைபடம் என் ஆய்வேட்டில் இருக்கிறது. பதினொன்றரைக்கு நான் எடுத்த, நாலரை மணி நேரத்துக்கான புள்ளி மற்றவற்றோடு சேர்ந்து கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கடைசிச் சாக்கில் பாதிப் பஞ்சு மீதமிருந்தது. அதையும் வேகவைத்துப் பயன்படுத்தினேன். பட்டம் கிடைத்தது. மணிகள் இன்னும் மாத்திரையாகவில்லை.

போன மாதம் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பன்னிரண்டு நிமிடங்களைப் பற்றிச் சொன்னேன். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"உனக்கு ஃபோன் பண்றதுக்கு முன்னாடி நான் போய் அடுப்ப அணைச்சேன்" என்றார். "பால் பொங்கிட்டிருந்துச்சு. அணைச்சு, துணியெடுத்து மேடைய தொடைச்சேன். அவரு அங்க படுத்துனு கீறாரு. நான் தொடைச்சினு இருக்கேன்."

இருவரில் யாராவது அழுவோம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அழுகை வரவில்லை. அண்ணி கீரைத் தண்டுகளை முறத்தில் ஒதுக்கினார். டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தேன்.