வாங்கிய கடைக்கே திரும்பிய குப்பை

காலை ஆறரைக்கு சென்னை சென்ட்ரலில் திருத்தணி மின்சார ரயில் ஏறினேன். பெட்டி முழுக்க மலைக்கோயிலுக்குப் போகும் கூட்டம். நான் குப்பை பார்க்கப் போகிறேன் என்றதும் பக்கத்து இருக்கைக்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகைக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பத்மா நிறுத்தத்துக்கே வந்திருந்தாள். கோடைதோறும் எங்கள் தெருவுக்குத் தர்பூசணி கொண்டுவந்து பழக்கமானவள். அறுவடைக்குப் பின் மிஞ்சும் குப்பையை வந்து பார்க்கச் சொன்னவளும் அவள்தான்.

ஒன்பதரை மணிக்கு அவளுடைய தர்பூசணிக் கொல்லையில் நின்றோம். பழமெல்லாம் எடுத்தாகிவிட்டது. களை வராமலிருக்கப் பாத்திகளின்மேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை அவள் உரித்து, காயவைத்து, தென்னைமரத்தில் அடித்து மண் உதிர்த்து, பழைய சைக்கிள் ரிம்மில் சுற்றி உருளைகளாகக் கட்டியிருந்தாள். அப்படியும் காயலான் கடைக்காரர் எடுக்கவில்லை. மண் ஒட்டியிருக்கிறதாம்!

அவளுடைய அக்காள் கணவர் டிராக்டரில் வந்தார். மறுநாள் காலை அவர்தான் உழுது தர வேண்டும்.

"இன்னும் இங்கியே கெடக்குதா? போன வருசம் மாரி சேத்து ஓட்டிருவேன்."

"ஓட்டினதாலதான பாவா, வேர்க்கல்ல பறிக்கசொல்ல பிளாஸ்டிக்கு துண்டு துண்டா வந்துச்சு?"

"அப்ப கொளுத்து. எல்லாரும் அதான் செய்றாங்க." தீப்பெட்டியை அவள் கையில் திணித்தார். "சாயந்திரம் இது இருந்துச்சுன்னா டிராக்டர் வராது."

அவர் போனதும் பத்மா தீப்பெட்டியை இடுப்பில் செருகினாள். "கொளுத்த மாட்டேன்க்கா. வாங்கன கடையிலயே போடப் போறேன். வர்றீங்களா?"

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? குட்டியானை வண்டி பிடித்து, உருளைகளின் மேலேயே நானும் உட்கார்ந்து, பன்னிரண்டு மணிக்குத் திருத்தணி கடைவீதியில் இறங்கினேன். இறங்கும்போது என் புடவையில் பாதிக் கொல்லை ஒட்டியிருந்தது.

கடைக்காரர் பதறி வந்தார். "யம்மா, வித்த சாமான திரும்ப எடுக்கறதில்ல."

"சாமான் இல்லண்ணா, குப்ப. உங்க கடைக் குப்ப."

"ஊரே கொளுத்துது. நீயும் கொளுத்திட்டுப் போவியா!"

"சரி." பத்மா தீப்பெட்டியை எடுத்தாள். "இங்கியே கொளுத்தட்டா?"

"ஏய், ஏய்! கடையெல்லாம் பொக வரும்மா!"

"ஆங். எங்க ஊர்லயும் அதாண்ணா வரும்."

எனக்குக் கைதட்டத் தோன்றியது. புது ஷீட் வாங்க வந்திருந்த ஒரு விவசாயி சும்மா இருக்காமல், "என்னுதையும் கொண்டாரட்டுமாங்க?" என்று கேட்டார். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! யாருக்கோ போன் போட்டுக் கெஞ்சினார். கடைசியில், புது ஷீட் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கம்பெனி வண்டியில் இவற்றை ஏற்றிவிடுவதாக ஒப்புக்கொண்டார். அங்கே உருக்கிக் குழாய் செய்வார்களாம்.

"ஏத்தறவரைக்கும் நான் போவ மாட்டேன்." பத்மா உருளையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு வண்டி வந்தது. கடைசி உருளை ஏறிய பிறகு பத்மாவின் போன் அடித்தது.

"கொளுத்தல பாவா. வந்த எடத்துக்கே அனுப்பிட்டேன். காலைல டிராக்டர் கொண்டாங்க." பதிலுக்குக் காத்திராமல் வைத்தாள்.

மாலை ரயிலில் வழியெங்கும் வயல்களில் புகை. பெட்டியில் எல்லோரும் ஜன்னலை இறக்கினார்கள். எங்கள் தெருமுனையிலும் தினம் காலையில் பிளாஸ்டிக் கவர்களைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். நாங்களும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம்.

நாளைக்குச் சாத்துவதாக இல்லை. கீழே இறங்கித் தெருமுனைக்கே போகிறேன்.