நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க

பூட்டு ரிப்பேர்காரருக்கு ஒரே ஒரு பலவீனம். பேட்டையில் எந்த மூலையில் புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறந்தாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவார். அரத்தையும் சாவிக்கொத்தையும் மேஜைமேல் போட்டுவிட்டு, "என்ன இருக்கு?" என்பார். சாப்பிட்டு முடித்ததும் மனசார, "நல்லா இருக்கு" என்பார். வினையே அங்கேதான்.

பழைய சலவைக்கடையில், துணி மாட்டும் கம்பியைக்கூடக் கழற்றாமல் ஒருவர் நூடுல்ஸ் கடை போட்டார். இவர் நல்லா இருக்கு என்றார். மறுவாரம் மாடித் தண்ணீர்த் தொட்டி உடைந்து கடைக்குள் கொட்டியது. பஸ் டிப்போ எதிரே ஒரு அம்மா மீன் பொரித்து விற்றார். இவர் பிரமாதம் என்றார். அம்மாவின் வீட்டுக்காரர் அடுப்போடு ஓடிப்போனார். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பேட்டை கேட்குமா? கருநாக்கு என்று பெயர் வைத்துவிட்டது. மற்ற கருநாக்குக்காரர்கள் கெட்டது சொன்னால் பலிக்கும். இவர் நல்லது சொன்னால்தான் கெட்டது நடந்தது. பாவம், கருநாக்கிலும் கோணல்.

பேக்கரிக்காரர்தான் முதலில் வழி கண்டுபிடித்தார். இவரை வலிய அழைத்துப் போய்க் கூட்டத்தின் நடுவே உட்கார வைத்து, "அண்ணே, வாய்க்கு வந்தபடி திட்டுங்க" என்று கும்பிட்டார். இவர் கேக்கை மென்றபடி, "இதைக் கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்" என்றார். மறுநாள் வரிசை தெருமுனை வரை நின்றது. அன்றிலிருந்து கடைத்திறப்பு என்றால் ரிப்பன் வெட்ட ஒருவர், திட்ட இவர் என்று வழக்கமாகிவிட்டது.

இந்த லட்சணத்தில்தான் மச்சினன், மனைவியின் தம்பி, கடை திறந்தான். தொழிற்சாலை கேன்டீனில் வருஷக்கணக்காகச் சமைத்தவன். அங்கே யாரும் அவனைத் திட்டியதில்லை, பாராட்டியதும் இல்லை. சங்கு ஊதுவதற்குள் விழுங்கிவிட்டு ஓடுவார்கள். அது பொறுக்காமல்தான் வேலையை விட்டான். கையில் இருந்ததையெல்லாம் இந்தக் கடையில் கொட்டியிருந்தான்.

"என் தம்பி பொழைப்புங்க. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்று மனைவி சத்தியம் வாங்கிக்கொண்டு, ரொட்டி சுடக் கடையின் அடுப்படிக்குப் போனாள்.

கடை நிரம்பி வழிந்தது. ஆனால் யாரும் வாயில் வைக்கவில்லை. இவர் திட்டட்டும் என்று கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். கோழி சூப் வந்தது. ஒரு வாய் குடித்தார். அப்பப்பா! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கத்தினார்.

"த்தூ! இது சூப்பா? பூட்டுக்கு விடுற எண்ணெய் இதைவிடத் தேவலை!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. எல்லாரும் பாய்ந்து சாப்பிட்டார்கள். இவரும் மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். அந்த நேரம் பார்த்து இவருடைய கை, காலிக் கிண்ணத்தை இன்னொரு தடவைக்கு நீட்டிவிட்டது.

"மறுபடி கேட்டா அது பாராட்டுதானே?" என்று பேக்கரிக்காரர் பதறி எழுந்தார்.

"வாயால சொல்லலையே," என்றார் பக்கத்தில் இருந்த தையல்காரர்.

வாக்குவாதம் முற்றியது. எதற்கும் இருக்கட்டும், இன்னொரு தடவை திட்டிவிடட்டும் என்று முடிவாயிற்று. இவர் திட்டினார். மச்சினனின் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். அதில் தன் மனைவியும் அடக்கம் என்பதை மறந்துவிட்டார்.

மச்சினன் கரண்டியோடு வந்து எதிரே நின்றான். திட்டச் சொன்னவனே அவன்தான். இருந்தும் முகம் தொங்கிப்போயிருந்தது.

"மாமா, நெசமாவே நல்லா இல்லையா?"

"டேய், கடை ஓடணும்னுதானேடா..."

"ஓடுது மாமா. இவங்க என்ன போட்டாலும் திம்பாங்க. நீங்க ஒருத்தர்தான் ருசி பார்த்துச் சாப்பிடுறீங்க. உண்மையைச் சொல்லுங்க."

அவர் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். சத்தியம் ஒரு பக்கம், சூப் ஒரு பக்கம்.

"நல்லா இருக்குடா," என்றார். "இப்படி ஒரு சூப்பை நான் குடிச்சதே இல்ல."

கரண்டிகள் கீழே விழுந்தன. முதலில் எழுந்தவர் பேக்கரிக்காரர். கூரை இடிந்துவிடுமோ என்று அண்ணாந்து பார்த்தபடி ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வெளியேறினார்கள். சத்தம் கேட்டு மாவுக்கையோடு ஓடிவந்த மனைவி, காலி நாற்காலிகளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"பாவி மனுஷா, சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டாருக்கா!" என்றான் தம்பி. முகமெல்லாம் சிரிப்பு. கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி அவர் முன்னால் வைத்தான். "இன்னொரு தடவை சொல்லுங்க மாமா. அக்கா காதுல விழல."