அம்மாச்சி, துக்குதா?

போன வாரம் சம்பந்தியம்மாவுக்கு முட்டி மாத்துற ஆபரேஷன். கோயம்புத்தூர்லேர்ந்து பூனாவுக்கு ரயிலேறி வந்து பண்ணிக்கிட்டாங்க. ஏன்னு கேளுங்க... பேத்தி வித்யா அந்த ஆஸ்பத்திரியில டாக்டர்! எனக்கு மகன் வயித்துப் பேத்தி, அவங்களுக்கு மக வயித்துப் பேத்தி. மயக்க டாக்டருக்குப் படிக்கிறா.

"மயக்குறதுக்கு இத்தனை வருஷப் படிப்பா? நான் படிக்காமலே உங்க தாத்தாவை மயக்கலையா?"ன்னு சீண்டுவேன்.

"மயக்குறது ஈஸி அப்பத்தா. முழிச்சப்புறம் வலிக்காம பாத்துக்கணும், அதான் கஷ்டம்"பா.

அதுலதான் அவ தீசிஸ். ஆபரேஷன் ஆனவங்களை வலி எவ்வளவுன்னு கேட்டு எழுதுவா. வலியே இல்லைன்னா பூஜ்யம். உசுரு போனா பத்து.

மறுநாள் காலையில ஃபைலோட வந்தா. "அம்மாச்சி, துக்குதா?"

பூனாவுலயே பொறந்து வளந்த புள்ள. தமிழ்ல பாதி மராட்டி. வலிக்குதுன்னா இங்க 'துக்தய்'ம்பாங்க. கோயம்புத்தூர்க்காரிக்கு அது தெரியுமா?

"எனக்கென்ன கண்ணு துக்கம்? மருமகன் தங்கம், பேத்தி டாக்டரு!"

(தங்கமாம்! பெத்தவ எனக்குத் தெரியாதா?)

வித்யா பூஜ்யம் போட்டுட்டுப் போயிட்டா. முப்பது வருஷமா இங்க ஔந்த் மார்க்கெட்டுல மராட்டியில பேரம் பேசிக் கொத்தமல்லி வாங்குறவ நான். எனக்காவது ஒறைச்சுதா? ம்ஹூம்.

கொஞ்ச நேரத்துல நடக்க வைக்கிற பொண்ணு வந்துச்சு. நடக்கலைன்னா முட்டி இறுகிப் போயிடுமாம். சம்பந்தியம்மா காலைக் கீழ வைக்கவே மாட்டேங்கிறாங்க. "வலியே இல்லைன்னு எழுதியிருக்கு. சோம்பேறித்தனம்!"னு மராட்டியில முணுமுணுத்துச்சு. நானும் சும்மா இருந்தேனா? "எந்திரிங்க சம்பந்தி, கல்யாணப் பொண்ணு மாதிரி என்ன வெக்கம்?"

"அப்பறம் நடக்கறனுங்க..." கண்ணுல தண்ணி.

அப்பத்தான் வித்யா திரும்ப உள்ள வந்தா. முகத்தைப் பாக்கல. கட்டில் கம்பியைப் புடிச்சிருந்த கையைத்தான் பாத்தா.

"அம்மாச்சி... ஏன் இப்படிப் புடிச்சிருக்கீங்க?"

"உசுரு போகுது கண்ணு!"

"காலையில இல்லைன்னீங்களே?"

"துக்கமான்னுதானே கேட்ட? வலிக்குதான்னு எப்பக் கேட்ட?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. அவ சிரிக்கல. ஓடிப்போய் சீனியரைக் கூட்டிட்டு வந்து மருந்தை மாத்த வச்சா. சாயங்காலம் சம்பந்தியம்மா கதவு வரைக்கும் நடந்துட்டுத் திரும்பினாங்க.

அதோட விட்டிருக்கலாம்ல? மறுநாள் பெரிய டாக்டர் வந்தப்போ, அந்த முணுமுணுத்த பொண்ணும் பக்கத்துல நிக்க, எல்லாருக்கும் புரியிற மாதிரி மராட்டியிலயே சொன்னா: "சார், நேத்துக் காலையில போட்ட பூஜ்யம் தப்பு. பேஷண்ட் மேல குத்தமில்ல. நான்தான் ஒழுங்காக் கேக்கல."

"அப்ப இந்த கேஸ் உன் தீசிஸ்ல சேராதே?"

"வேண்டாம் சார். இன்னொரு பேஷண்டைப் பாத்துக்கறேன்."

எனக்கு நெஞ்சு விம்மிடுச்சு, போங்க. எங்க ரெண்டு குடும்பத்துலயும் தன் தப்பை வாய்விட்டு ஒத்துக்கிட்ட மொத ஆள் இவதான்...

யார் ஜாடைன்னுதான் புரியல!