பக்கத்துப் பக்கத்துக் கட்டில்

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போட்ட நர்ஸம்மா, ஓய்வுபெற்ற கையோடு பழைய புத்தகக் கடையில் ஒரு தடிமனான புத்தகம் வாங்கினார். அந்தக் காலத்துக் குத்துச்சண்டை ஜாம்பவான்கள் இருவர் நாலு முறை மோதிய கதை. சோறு தண்ணி மறந்து படித்தார்.

“யாரு ஜெயிச்சா?” என்றார் கணவர்.

“அதை விடுங்க. புருவம் கிழிஞ்சு தொங்குது, பயிற்சி குடுக்கறவன் களிம்பைத் தடவி மறுபடியும் சண்டைக்கு அனுப்புறான், படுபாவி!”

கடைசிப் பக்கம் முடிந்ததும் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

“கடைசிச் சண்டை முடிஞ்சு ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரியில ஒரே வார்டுல பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல போட்டிருக்காங்க. புத்தகத்துல டிக்கெட் கிழிச்சவன் பேருகூட இருக்கு. கட்டுப்போட்டவ பேரை மட்டும் எழுதலை பாருங்க!”

“அதுக்கென்ன, உன் பேரை எழுதிடு” என்று கணவர் பேனாவை நீட்டினார்.